மூதேவி என்றால் தேவதை

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் தமிழனுக்கு ஒரு மயக்கம் வரும். தன் மொழி தனக்கு மட்டும்தான் புரியும் என்று நினைத்துக்கொள்வான். டிராமில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கைப் பற்றி, அந்த மூக்குக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டே நண்பனிடம் விமர்சனம் செய்வான். பலருக்கு இந்த மயக்கம் தானாகவே தெளிந்துவிடும். எனக்கு மைக் வைத்துத் தெளிவித்தார்கள்.

அப்போது நான் டார்ம்ஸ்டாட்டில் முதுகலை மாணவன். கோடை விடுமுறை வந்ததும் கூடப் படித்தவர்கள் எல்லாம் கம்பெனி, ஆய்வகம் என்று இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. (ஒரு கம்பெனி மட்டும் பதில் போட்டது. என் பெயரைத் தப்பாக எழுதி, வேண்டாம் என்று.) அந்த நேரத்தில்தான் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். ஓடன்வால்ட் காட்டுக்குள், ஏரிக்கரை ஒன்றில், அமெரிக்கர்கள் நடத்தும் கோடை முகாம். ஜெர்மன் பிள்ளைகள் அங்கே வந்து தங்கி, அமெரிக்கப் பாணியில் படகு ஓட்டி, மலையேறி, தீ மூட்டிப் பாட்டுப் பாடி, போகிற போக்கில் ஆங்கிலமும் கற்றுக்கொள்வார்கள். அவர்களை மேய்க்கக் கவுன்சிலர்கள் என்ற பெயரில் ஆட்கள் தேவை.

முகாமின் நிர்வாகி கேரல் என்ற அமெரிக்க அம்மாள். போனில்தான் நேர்முகம். நான் ரயிலில் இருந்தேன். சத்தத்தில் காது கேட்காமல், கேட்ட எல்லாவற்றுக்கும் "யெஸ்! யெஸ்!" என்று கத்தினேன். "உங்களிடம் என்ன ஓர் உற்சாகம்!" என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார். குழந்தைகளோடு பழகிய அனுபவம் உண்டா என்ற கேள்விக்கும் யெஸ் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. என் அக்கா மகன் என்னைப் பார்த்தாலே வீறிட்டு அழுவான். அனுபவம் என்றால் அதுதான்.

போன முதல் நாளே என் பெயர் போனது. முத்துக்குமார் என்று சொன்னேன். பிள்ளைகள் அதை முத்துவாக்கி, ஒரு மணி நேரத்தில் 'முட்டி' ஆக்கிவிட்டார்கள். ஜெர்மனில் முட்டி என்றால் மம்மி. மீசை வைத்த ஆறடி ஆளைப் பார்த்து ஒரு டஜன் பிள்ளைகள் ஏரிக்கரை அதிர "மம்மி! மம்மி!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவரும் காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முகாமில் சட்டங்கள் இரண்டு. ஒன்று, ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னதே நான்தான். இரண்டாவது சட்டம் எங்களுக்கு: பிள்ளைகளைத் திட்டக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. ஒரு பையன் உங்கள் தலையில் ஏரித் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தாலும் "அருமையான முயற்சி, நண்பா!" என்றுதான் சொல்ல வேண்டும். நானோ திருநெல்வேலியில் பிரம்போடு அலைந்த டிரில் மாஸ்டரிடம் வளர்ந்தவன். எனக்கு வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தமிழில் கொட்டினேன்.

அதற்கென்று ஒரு வித்தையே கண்டுபிடித்தேன். முகத்தில் பற்பசை விளம்பரச் சிரிப்பு. குரலில் தேன். வாயில் மட்டும் திருநெல்வேலி. லியோன் என்று ஒரு பையன். அடுத்தவன் ஷூவை எடுத்து ஏரியில் வீசுவதுதான் அவனுக்கு வாழ்க்கை லட்சியம். அவன் தலையைத் தடவிக்கொடுத்தபடியே பாடுவேன்: "ஏல எருமை, ஒனக்குக் கூறு இருக்கால? சனியனே, ஒன்னைய எவம்ல பெத்துப் போட்டான்?"

லியோன் பூரித்துப்போவான். தள்ளி நிற்கும் கேரலும் பூரித்துப்போவார். "எவ்வளவு இனிமையான மொழி! என்ன சொல்கிறாய் அவனிடம்?"

"ஊக்கப்படுத்துகிறேன்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டார்கள். எருமை என்றால் வீரன் என்றேன். சனியன் என்றால் நட்சத்திரம். (சனியும் வானத்தில்தானே இருக்கிறது, முழுப் பொய்யில்லை என்று மனசாட்சிக்குச் சமாதானம்.) மூதேவி என்றால் தேவதை. உள்ளே ஒரு தேவி இருக்கிறாள் அல்லவா?

நாலே நாளில் முகாம் முழுக்கப் பரவிவிட்டது. கோல் போட்டவனை "சனியன்! சனியன்!" என்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கேரல் காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதே இரண்டு கையையும் விரித்து "குட் மார்னிங், மை மூதேவீஸ்!" என்பார். நான் ரொட்டியைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயமாக இருந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் பெருமையாக இருந்தது. அறைக்குப் போய் நண்பனுக்குப் போன் போட்டு, விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் குழுவில் மெலனி ராபர்ட் என்று பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மாநிறம், கறுத்த சுருட்டை முடி, அதிகம் பேசமாட்டாள். முதல் நாள் "உனக்கு எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "கிரேஃபெல்ட்" என்றாள். அது டூசல்டார்ஃபுக்குப் பக்கத்து ஊர். "அது சரி, அதற்கு முன்னால்?" என்றேன். "அதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை" என்றாள். மொரீஷியஸ் பக்கமாக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். (முதுகலை மாணவன். அறிவைப் பாருங்கள்.)

மெலனி எல்லாவற்றிலும் மெதுவு. மலையேறும்போது எறும்புப் புற்றைப் பார்த்து நின்றுவிடுவாள். அவளுக்காக மொத்தக் குழுவும் நிற்க வேண்டும். ஒரு நாள் நல்ல வெயில். எனக்குப் பசி வேறு. அவள் ஷூ நாடாவைக் கட்டி முடிக்கும் வரை குனிந்து நின்று, வழக்கமான சிரிப்போடு, வழக்கமான தேன் குரலில் சொன்னேன்: "இந்த ஆமைய எங்கருந்து புடிச்சாங்களோ தெரியல. வீட்டுல தொல்லை தாங்காம, பெத்தவங்க நிம்மதியா இருக்கணும்னு நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க."

மெலனி நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். 

அன்றிலிருந்து அவள் பின்தங்கவே இல்லை. எல்லாருக்கும் முன்னால், மூச்சு வாங்க வாங்க நடந்தாள். எறும்புகளைப் பார்க்கவில்லை. நான் கேரலிடம் போய், "மெலனியிடம் முன்னேற்றம் பார்த்தீர்களா? எல்லாம் ஊக்கப்படுத்துவதில் இருக்கிறது" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

கடைசி நாள் பெற்றோர் தினம். ஒவ்வொரு குழுவும் ஒரு முழக்கம் போட வேண்டும். எங்கள் குழு தமிழ் முழக்கம்தான் போட வேண்டும் என்று கேரல் சொல்லிவிட்டார். "அது புனிதமான சொல், பொதுவில் சொல்வதில்லை" என்று மன்றாடிப் பார்த்தேன். "அப்படியானால் இன்னும் நல்லது!" என்றார்.

புல்வெளி நிறைய நாற்காலிகள். காபிக் கோப்பையோடு அப்பா அம்மாக்கள். என் ஒரு டஜன் பிள்ளைகளும் வரிசையாக நின்று, பெற்றோரை நோக்கிக் கைநீட்டி, தொண்டை கிழியக் கத்தினார்கள்: "எருமை! சனியன்! மூதேவி! வீ லவ் யூ!"

கைதட்டல் ஓயும் முன், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்னப்பா இது? பிள்ளையள் எங்களைப் பாத்து மூதேவி எண்டு கத்துதுகள்!"

திரும்பிப் பார்த்தேன். நீலக் கவுன் போட்ட ஓர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோட் போட்ட ஒருவர் எழுந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். காட்டுக்குள் ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஏரி இன்னும் பக்கத்தில் இருந்தது, ஆனால் நீச்சல் தெரியாது.

"தம்பி, நீங்கள் இந்தியாவோ?"

"ஆமா சார்."

"நான் ராபர்ட். மெலனியின்ர அப்பா. யாழ்ப்பாணம்." ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல தமிழ் படிப்பிச்சிருக்கிறியள்."

நான் பிறப்பதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து, கடையும் கோயிலும் பள்ளிக்கூடமும் வைத்துத் தமிழில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நான் மொத்தமாக மறந்துபோயிருந்தேன். அதற்குள் மெலனி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இவருக்கு ஏசாதேங்கோ. இவர் எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்லுறவர்."

சுத்தமான தமிழ். என்னுடையதைவிடச் சுத்தம்.

"மெலனி... உனக்குத் தமிழ் தெரியுமா?"

"ஓம். சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடம் போறனான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"இங்க இங்கிலீஷ் மட்டும்தான் கதைக்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவளுடைய அம்மா, ஸ்டெல்லா அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். நிலைமை அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது என்று எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்போது மெலனி அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நிம்மதியா இருந்தனீங்களோ?"

"என்னம்மா?"

"நான் வீட்டில இல்லாம."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறாய்?"

மெலனி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரியாக அந்த நேரத்தில் கேரல் மைக்கோடு வந்தார். "உங்களுக்கு முட்டியின் மொழி தெரியுமாமே! அந்த அழகான சொற்களின் அர்த்தத்தை எல்லாருக்கும் சொல்லுங்கள்!" என்று ராபர்ட் அண்ணனிடம் நீட்டினார். புல்வெளி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் மைக்கை வாங்கி, என் கையில் வைத்தார்.

"நீங்களே சொல்லுங்கோ தம்பி."

சொன்னேன். எருமை என்றால் எருமைதான். சனியன் என்றால் கெட்ட கிரகம், பிடித்தால் விடாது. மூதேவி என்றால் துரதிர்ஷ்டத்தின் தெய்வம். என் குரல் ஒலிபெருக்கியில் ஏரியின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு லியோன், "நான் எருமையா? சூப்பர்!" என்று கத்தினான். கூட்டம் சிரித்துவிட்டது. லியோனின் அப்பா எழுந்து, அவன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள்.

கேரல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "முத்து, நேற்று என் மாமியாருக்குப் போன் செய்து அவரை மூதேவி என்று கூப்பிட்டேன்" என்றார். தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அந்த 'மூ'வைக் கொஞ்சம் இழுக்க வேண்டுமா?" என்று கேட்டார். (அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.)

மைக்கில் சொன்னது சுலபம். மைக் இல்லாமல் சொன்னதுதான் கஷ்டம். கார் நிற்கும் இடத்துக்கு அவர்கள் பின்னாலேயே போனேன். "அக்கா, அந்த நிம்மதி... அது நான் சொன்னது" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். இந்த முறை சிரிப்பில்லை, தேனில்லை. அக்கா கேட்டுக்கொண்டே மெலனியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

ராபர்ட் அண்ணன் நிதானமாகத்தான் பேசினார். "விளையாட்டுக்கு ஏசுறது வேற, தம்பி. எங்கட வீட்டிலயும் ஏசுறனாங்கள்தான். ஆனா இவள் முதல் தரம் எங்களை விட்டிட்டு வந்தவள். இதை எத்தினை நாள் மனசில வச்சிருந்தாளோ."

அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெலனிக்கு முன்னால் மண்டியிட்டேன். "மெலனி, நீ ஆமை இல்ல. நான் சொன்னது பொய்."

"ஆமை பரவாயில்ல" என்றாள். "மற்றது?"

"மத்ததும் பொய். பெரிய பொய்."

அம்மாவைப் பார்த்தாள். "ஒவ்வொரு நாளும் உன்ர கட்டிலில போய் இருந்தனான், விசரி" என்று செல்லமாகத் திட்டி அக்கா அழுதுவிட்டார். மெலனி தலையாட்டினாள். காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கி, "சரி" என்றாள். எனக்குச் சொன்னாளா, அம்மாவுக்கா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் அண்ணனே போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். அந்த வீட்டு வாசல்படி ஏறும்போது பயந்ததுபோல் எந்தப் பரீட்சைக்கும் பயந்ததில்லை. இப்போது எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து, டார்ம்ஸ்டாட்டிலேயே வேலை. இந்த நாட்டில் சொந்தம் என்று சொல்ல எங்களுக்கு இருப்பது அந்தக் குடும்பம்தான். மகனைப் பொது இடத்தில் தமிழில் திட்ட எனக்குத் துணிவில்லை. ஜெர்மனில்தான் திட்டுகிறேன். அவன் அழுவதற்குப் பதிலாக என் இலக்கணத்தைத் திருத்துகிறான்.

கிரேஃபெல்ட் வீட்டில் விசேஷம் என்றால் ஸ்டெல்லா அக்கா என்னை நடுவில் உட்கார வைத்துவிடுவார். "இவர்தான், எங்களை மூதேவி எண்டு வெள்ளைக்காரப் பிள்ளையளைக் கொண்டு வரவேற்றவர்!" கதை ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. இப்போதெல்லாம் அந்தப் புல்வெளியில் நகர மேயரும் உட்கார்ந்திருக்கிறார். போன ஈஸ்டருக்கு ஒரு பாதிரியாரும் வந்துவிட்டார். லியோன் சூப்பர் என்று கத்துவதோடு கதை முடிந்துவிடும். கார் நின்ற இடம் வரை அக்கா ஒருநாளும் போவதில்லை.

மெலனி இப்போது பான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், பூச்சிகளைப் பற்றி. கதை லியோனின் சூப்பருக்கு வந்து வீடு முழுக்கச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். அவள் எழுந்து அடுக்களைப் பக்கம் போவாள். போகிற வழியில் என்னிடம் குனிந்து, "அண்ணை, தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்பாள்.

வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.