இம்பெல்லர் அண்ணையின் விரல்

மொன்றியல் தீவைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இம்பெல்லர் அண்ணையின் விரல் படாத தமிழர் படகு ஒன்று இருக்குமானால், அது துடுப்புப் படகாகத்தான் இருக்கும். பின்னால் மோட்டார் ஒன்று தொங்கினால் போதும், அவர் எங்கிருந்தாவது வந்து அதன் அருகே நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

இம்பெல்லர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம். மோட்டாரின் அடிக்காலுக்குள் சுழன்று, ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அந்தத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேறும். அதில் கொஞ்சம், பின்பக்கத்துச் சிறு துளை வழியாக மெல்லிய தாரையாகத் தெறிக்கும். தாரை வந்தால் ஓட்டலாம், வராவிட்டால் நிறுத்த வேண்டும். படகுக்காரர்கள் இத்தோடு விட்டுவிடுவார்கள். அண்ணை விடமாட்டார். வலது சுட்டுவிரலை அந்தத் தாரையில் நீட்டி, கண்ணை மூடி, நாடி பார்க்கும் வைத்தியர் போலத் தலையைச் சாய்த்து இரண்டு நிமிடம் நிற்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்: "ஷோ", அல்லது "ஃப்றுவா".

பிரெஞ்சில் சூடு, குளிர் என்று பொருள்படும் இந்த இரண்டும்தான் அவருடைய மொத்தப் பிரெஞ்சு. இருபத்தொரு வருடங்களாகக் கியூபெக்கில் இந்த இரண்டு சொல்லோடு குடித்தனம் நடத்தினார். கோப்பிக் கடை, வாடகை வீட்டுக்காரர், பல் வைத்தியர், எல்லாரிடமும் அவை போதுமாக இருந்தன. மூன்றாவது சொல் எதற்கு என்று என்னையே ஒருமுறை கேட்டார். 

திருகோணமலைக்காரர். சென்ட் லோரன்ட் பகுதியில் களஞ்சியம் ஒன்றில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டினார். சாவிக்கொத்தில் தேய்ந்த இம்பெல்லர் ஒன்று தொங்கும். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது; என் கைப்பேசியிலும் அவர் இம்பெல்லர்தான். நான் முன்பு பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் அவர் என்னைப் 'பேப்பர்காரர்' என்பார். அந்த வகையில் கணக்குச் சரி.

அவருடைய தொழிற்சாலை ஒரு பீப்பாய். ஜான்-டலோன் சந்தையில் ஒலிவ் காய் விற்பவரிடம் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் அது. அதில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை உள்ளே இறக்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஓடவிடுவார். திருகோணமலையில் கடலுக்குப் போய்வந்த மோட்டார்களை இப்படித்தான் நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுவார்களாம். இங்கே ஓடுவது உப்பில்லாத ஆறு, எதைக் கழுவுகிறீர்கள் என்று கேட்டால், "ஆறு எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரிலிருந்து சொட்டும் தண்ணீரை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு இருக்காது. முகத்தில் சிறு ஏமாற்றம் தெரியும். அடுத்த மோட்டாரிலும் சுவைப்பார்.

ஒக்டோபர் வந்தால் அவருக்கு ஓய்வே இல்லை. குளிர் இறுகும் முன் மோட்டார்களைப் படுக்கைக்கு அனுப்ப வேண்டும். அடிக்காலில் இருக்கும் எண்ணெயை முதலில் வடிப்பார். அது பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் வந்தால் சுகம். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. மாசி மாதத்தில் அது உறைந்து இரும்பைப் பிளக்கும். அடுத்து மோட்டாரைப் பீப்பாயில் ஓடவிட்டு, அது காற்றை இழுக்கும் வாயில் துருத்தடுப்பு எண்ணெயைப் பீச்சுவார். எஞ்சின் இருமி, குமுறி, வெள்ளைப் புகையைக் கக்கும். புகை சந்து முழுவதையும் நிறைத்து, மூன்று மாடி ஏறி, காயப்போட்ட துணிகளுக்குள் புகுந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

ஒரு சனிக்கிழமை யாரோ தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார்கள். தலைக்கவசத்தோடு இறங்கிய உயரமான ஆள் பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். அண்ணை அவருடைய கையுறையைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, விரலைப் பிடித்துத் தாரையில் வைத்து, "ஷோ?" என்று வினவினார். தீயணைப்பு வீரர் யோசித்தார். "ஃப்றுவா," என்றார். "இல்லை, வடிவாப் பாரும்," என்று அண்ணை விரலை இன்னும் உள்ளே தள்ளினார். அரை மணி நேரத்தின் பின் அந்த வீரர் போகும்போது தன் படகைப் பற்றிய விவரத்தைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் மேல்மாடியில் கார்த்திக், நித்யா என்று சென்னைத் தம்பதி குடியிருந்தார்கள். இருவருக்கும் கணினி வேலை. கார்த்திக்குக் கணினி வேலையோடு, எதையாவது புதிதாகத் தொடங்கும் வேலையும் உண்டு. கிட்டார் வந்தது, ஓடும் இயந்திரம் வந்தது, ரொட்டி சுடும் பெட்டி வந்தது. ஒவ்வொன்றும் ஆறு வாரத்தில் அறையின் மூலைக்குப் போனது. பிறகு ஒரு நாள் அலுமினியப் படகு ஒன்று, பழைய மோட்டாரோடு, வண்டியில் ஏறி வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்தது. ஏரியில் மட்டுமே ஓடிய படகு என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார்.

முதல் குளிர்காலத்தில் கார்த்திக் மோட்டாரைக் கழற்றி, குளிரக்கூடாதென்று இரண்டு போர்வையால் சுற்றி, பக்கவாட்டில் படுக்க வைத்தான். வசந்தத்தில் போர்வையைப் பிரித்தபோது அண்ணை வழக்கம்போல எங்கிருந்தோ வந்து நின்றார். மோட்டாரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வடியும், இது மோட்டார், பச்சைக் குழந்தை இல்லை என்று பதினைந்து நிமிடம் விளக்கினார். அது வெடிக்காமல் தப்பியதே பெரிய விஷயம்.

ஆனால் அந்தக் கோடையில் அது வேறு பாடு படுத்தியது. ஏரியில் சரியாக அரை மணி ஓடும், பிறகு சூடேறி அதன் எச்சரிக்கை ஒலி கூவத் தொடங்கும், நிறுத்த வேண்டிவரும். மூன்று தடவை அந்நியர்கள் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். மூன்றாவது தடவை இழுத்து வந்தவர் எண்பது வயதுக் கிழவர். துணைக்கு ஒரு நாய். நாய்கூடத் தங்களைப் பரிதாபமாகப் பார்த்தது என்றாள் நித்யா.

அன்று மாலை அவள் தீர்ப்பு வழங்கினாள். "கிட்டார் போச்சு, ட்ரெட்மில் போச்சு. இதுவும் அந்த லிஸ்ட்ல சேரப்போகுதுன்னா இப்பவே சேரட்டும். சீசன் முடியறதுக்குள்ள ஒரு மணி நேரம், முழுசா ஒரு மணி நேரம், கத்தாம ஓடணும். ஓடலேன்னா வித்துடலாம்." மறுநாள் படியில் என்னைக் கண்ட கார்த்திக், இதை மட்டும் விட மனசில்லை சார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஏன் என்று கேட்டேன். தண்ணீரில் இருக்கும்போது மட்டும்தான் நித்யாவும் தானும் கைப்பேசியை எடுப்பதில்லை என்றான்.

அண்ணை வேலையில் இறங்கினார். இம்பெல்லரை யார் மாற்றியது என்று கேட்டார். வீடியோ பார்த்துத் தானே மாற்றியதாகவும், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கத் தண்ணீர் இல்லாமல் பத்தே செகண்ட் ஓட்டியதாகவும் கார்த்திக் ஒப்புக்கொண்டான்.

"பத்து செக்கன் நெருப்பை உம்மட வாய்க்குள்ள வைச்சிருப்பீரோ, தம்பி?"

கழற்றிப் பார்த்தால் புதுச் சக்கரத்தின் இதழ்கள் கருகியிருந்தன. வேறு போட்டார். தாரைத் துளையில் ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. அதைக் குத்தியெடுக்க மெல்லிய கம்பி வேண்டும் என்றதும் நித்யா மேலே போய்க் கிட்டாரின் மிக மெல்லிய தந்தியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அந்தக் கிட்டாரை வாங்கியதில் கிடைத்த முதல் பயன் என்று கணவனிடம் சொல்லவும் மறக்கவில்லை.

பீப்பாயில் ஓட்டினார்கள். தாரை அழகாக வந்தது. அண்ணை விரலை நீட்டினார். ஐந்து நிமிடம் போனது. எஞ்சினின் தலையைத் தொட்டால் கை சுடுகிறது. தாரை பனிக்கட்டி போல வருகிறது. "ஃப்றுவா," என்றார் மெதுவாக. நல்ல செய்தி என்று கார்த்திக் நினைத்தான். அண்ணையின் முகம் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் எஞ்சினைச் சுற்றாமலே வெளியே வருகிறது. உள்வழி எங்கோ அடைத்திருக்கிறது.

தலைப்பக்க மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்து, வழிகள் பாதி மூடியிருந்தன. ஒரு துகளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணைத் திறக்க நேரமெடுத்தது.

"தம்பி, உம்மட மோட்டர் கடல் கண்டது."

ஏரியில் மட்டும் என்று சத்தியம் செய்த மனிதர் அதை எங்கோ கடற்கரையில் பல கோடைகள் ஓட்டிவிட்டு, கழுவாமல் விற்றிருக்கிறார். இருபத்தொரு வருடங்கள் மொன்றியலின் மோட்டார்களையெல்லாம் சுவைத்த மனிதருக்குக் கடைசியில் உப்புக் கிடைத்தது. அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், மோட்டார் கெட்டுப்போனதற்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

அடுத்த இரண்டு நாள், மூலைக்கடையில் இருந்த வினாகிரிப் போத்தல்கள் எல்லாம் பீப்பாய்க்குள் போயின. உப்புப் படிவம் கரையும் வரை மோட்டாரை அதில் விட்டு விட்டு ஓட்டினார். தெரு முழுக்க ஊறுகாய் மணம். இதற்கிடையில், சூடேறும்போது திறந்து தண்ணீரை விடவேண்டிய சிறு வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை நித்யாவின் அடுப்பில் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். அது பால் காய்ச்சும் பாத்திரம் என்று அவள் சொன்னபோது, பரவாயில்லை பிள்ளை, வால்வைக் கழுவித்தான் போட்டேன் என்றார். வால்வு கொதிநீரில் மெல்லத் திறந்தது. அவர் கைதட்டினார். நித்யா அந்தப் பாத்திரத்தை அவருக்கே கொடுத்துவிட்டாள்.

இனி மிச்சம் அந்த ஒரு மணி நேரம். படகுத்துறை மூட ஒரே நாள் இருந்தது. பீப்பாயில் ஓடுவது வேறு, ஆட்களைச் சுமந்து தண்ணீரில் ஓடுவது வேறு. யாராவது பின்னால் இருந்து விடாமல் தாரையைச் சோதிக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். அண்ணை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது பேப்பர் விரல். சூடு தெரியாது," என்று விட்டுவிட்டார்.

அப்படியானால் நீங்கள்தான் வரவேண்டும் என்றோம். அவர் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை வருடத்தில் அவர் ஒரு படகிலும் ஏறி நான் பார்த்ததில்லை. எப்போதும் கரையிலேயே நின்றுவிடுவார். இதைப் பற்றி ஊரில் பல கதை உண்டு. கடற்படை சுட்டது என்பார்கள், சுனாமி என்பார்கள், தம்பி ஒருவர் கடலில் போனார் என்பார்கள். நானும் ஏதோ பெரிய துயரம் என்று எண்ணி இதுவரை கேட்காமல் இருந்தேன். அன்று தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்டேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்குப் படகில ஏறினாச் சத்தி வரும்."

"சத்தியோ?"

"சின்னனிலயிருந்து. அப்பா, அண்ணன்மார் எல்லாரும் கடல். நான் மட்டும் கால் வைச்ச உடனே வாந்தி. அதுதான் கரையில இருந்து மோட்டர் பழகினனான். ஊருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பேப்பர்காரர்."

அடுத்த நாள் காலை அவர் வந்தார். உயிர்காப்பு அங்கியை மூன்று தடவை இறுக்கினார். சென்ட் லூயி ஏரியில் நல்ல காற்று. கார்த்திக் ஓட்ட, நித்யா முன்னால் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு அமர, நான் நடுவில். அண்ணை பின்னால் முழங்காலிட்டு, இடக்கையால் படகைப் பிடித்து, வலக்கை விரலைத் தாரையில் நீட்டினார். பதினொன்று ஏழுக்குத் துறையிலிருந்து புறப்பட்டோம். கயிறு கட்டி இழுப்பவர் வர வசதியாக, கரைக்குப் பக்கத்திலேயே வட்டமடித்தோம்.

பத்தாவது நிமிடத்தில் அவருடைய முகம் நனைந்த சிமெந்து நிறத்துக்கு வந்தது. பதினேழாவது நிமிடத்தில் மறுபக்கம் சாய்ந்து காலைச் சாப்பாட்டை ஏரிக்குக் கொடுத்தார். விரல் மட்டும் தாரையை விட்டு அசையவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "இளஞ்சூடு. நல்லது," என்று அறிவித்தார். கார்த்திக் வேகத்தைக் குறைத்தான். அதற்கும் திட்டு விழுந்தது: மெதுவாக விட்டால் அது சோதனை இல்லையாம்.

முப்பதாவது நிமிடம் வந்தது. வழக்கமாகக் கூவும் நேரம். கார்த்திக்கின் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. மோட்டார் ஒரே சுருதியில் ஓடியது. அண்ணை நான்காவது தடவையாகச் சாய்ந்தார்.

நாற்பதில் நித்யாவால் பார்க்க முடியவில்லை. "போதும் அங்கிள். எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. திரும்பிடலாம்."

"மணித்தியாலம் எண்டா மணித்தியாலம், பிள்ளை," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நாப்பதில திரும்பினா, நாளைக்கு ஒரு கோவத்தில நீரே சொல்லுவீர், நாப்பதுதானே ஓடினது எண்டு. பேந்து தம்பி என்ன சொல்லுவான்?"

நித்யா முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு வட்டம் போனோம். அண்ணையின் வயிற்றில் இனிக் கொடுக்க எதுவும் இல்லை, வெறுமனே குலுங்கினார். படகு துறைக்கு நேரே வந்தபோது நித்யா கைப்பேசியை உயர்த்தி, அணைத்து, பைக்குள் போட்டாள்.

"ஒரு மணி நேரம் ஆயிடுச்சு, அங்கிள்."

கார்த்திக் படகைத் துறையோடு ஒட்டி விட்டு மோட்டாரை நிறுத்தினான். என் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்தொன்பது; ஒரு மணி நேரம் நிறைய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

அண்ணை படகு இறக்கும் சாய்தளத்துச் சிமெந்தில் பத்து நிமிடம் மல்லாந்து கிடந்தார். பின்னேரம் வீட்டுச் சந்தில் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, கயிற்றை நாலு தடவை மெதுவாக இழுத்து உள்ளிருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்தார். அடிக்காலின் எண்ணெய் பிளேன்ரீ நிறத்தில் வந்தது. புது எண்ணெய் ஊற்றித் திருகாணியை முறுக்கினார். வலது சுட்டுவிரல் இன்னும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கார்த்திக் துணியோடு பக்கத்தில் நின்றான். நித்யா தேநீர்க் கோப்பையோடு வந்தாள்.

"பேப்பர்காரர்," என்றார் அண்ணை, திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கள் எல்லாத்துக்கும் நேரம் குறிக்கிற ஆள். சரியா எவ்வளவு ஓடினது?"

நித்யா கோப்பையை நீட்டியபடியே என்னைப் பார்த்தாள்.

"அறுபத்தொரு நிமிசம், அண்ணை," என்றேன். அறுபது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.