பட்டன் டப்பாவில் ஒரு பென்னி

மனைவியிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பென்னியை விற்ற மறுநாளிலிருந்து அது அமலுக்கு வருவதாக இருந்தது.

பென்னி என்பது பழைய இங்கிலாந்துச் செப்புக் காசு. அதிலிருக்கும் ராணியின் கூந்தல் மழமழவென்று இருக்கும். தேய்ந்த காசு என்று விவரமில்லாதவர்கள் ஒதுக்குவார்கள். ஆனால் தேய்ந்தது வேறு, அச்சு அழுந்த விழாதது வேறு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த இடம் செத்துக் கிடக்கும். அச்சு விழாத இடத்தில் பிறவி மினுக்கம் அப்படியே இருக்கும். அதற்குத்தான் விலை. என்னிடம் ஒன்று இருப்பதைச் சொல்லாமல், பொதுவாக இந்த வித்தியாசத்தைச் சாப்பாட்டு மேசையில் பதினோரு தடவை விளக்கியிருக்கிறேன். பதினோரு தடவையும் என் மனைவி கொட்டாவி விட்டாள்.

வாங்கியது வாஷிங் மெஷினுக்கு வைத்திருந்த பணத்தில். ஒளித்து வைத்தது அவளுடைய பட்டன் டப்பாவின் அடியில். "மெஷின் எப்போங்க?" என்று அவள் கேட்டபோதெல்லாம், கையால் துவைப்பது தோளுக்கு நல்லது என்று பேசிச் சமாளித்தேன். விளைவு, மூன்று வாரமாக மொட்டை மாடியில் துவைப்பது நான்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவளுக்குத் தையல் வகுப்பு. அதே நாலு மணிக்கு நாணய வியாபாரியை வரச் சொல்லியிருந்தேன். விற்று, பணத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டால் உலகம் பழையபடி சுற்றும்.

மூன்றே முக்காலுக்கு அவள் கிளம்பவில்லை. சமையலறையிலிருந்து எலுமிச்சை வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். அவள் உள்ளங்கையில் தகதகவென்று ஒரு செப்புக் காசு.

"என்னது அது?"

"பட்டன் டப்பாவில கிடந்துச்சு. ஒரே அழுக்கு. உப்பு போட்டுத் தேய்ச்சேன். பளிச்சுன்னு இருக்கில்ல?"

செப்புக் காசைத் தேய்த்தால் விலையும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

"அடிப்பாவி! அது அழுக்கில்லடி! அந்தக் கறுப்புதான் காசே!"

"ஒரு காசுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"பன்னிரண்டாயிரம்!"

அவள் குழாயை மூடினாள்.

"மெஷின் பணமா?" என்றாள் மெதுவாக.

தலையாட்டினேன்.

"அவ்வளவுதான் எனக்குத் தெரியணும். லென்ஸை எடுத்து இதைப் பாருங்க."

பார்த்தேன். ராணியின் காதே இல்லை. நிஜமாகவே தேய்ந்த காசு; என்னுடையதில்லை.

"பதினோரு தடவை விளக்கின ஆளு, ஒரு தடவை பார்த்தீங்களா? இது வியாபாரி சும்மா கொடுத்தது."

"அவர் நாலு மணிக்குத்தானே..."

"உங்க போன்ல அவர் மெசேஜைப் பார்த்து, அதிலேருந்தே கூப்பிட்டு பத்து மணிக்கே வரச் சொன்னேன். நீங்க மாடியில துவைச்சுக்கிட்டு இருந்தீங்க. தையல்காரி வீட்டில பட்டன் டப்பாவில ஒளிச்சு வைக்கிற மூளை யாருக்கு வரும்!"

"என் பென்னி?"

"தேய்ஞ்ச காசு, மூவாயிரம்னாரு. சாய்ச்சுப் பிடிங்கன்னேன். மினுக்கத்தைக் காட்டினேன். இருபத்தெட்டாயிரத்துக்கு வந்துட்டாரு, கொடுத்துட்டேன். நீங்க எவ்வளவு கொடுத்து வாங்கினீங்கன்னு தெரியாம, லாபமா நஷ்டமான்னுதான் தெரியலை. நேரா கேட்டா சொல்லுவீங்களா? அதான் இந்த எலுமிச்சை நாடகம்."

அழைப்பு மணி அடித்தது. இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி வந்தார்கள். என் மார்பு விம்மியது. சூழ்ச்சி தோற்றாலும் குடும்பம் ஜெயித்துவிட்டது. இனி மாடிப்படி ஏற வேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே தையல் மெஷின்.

"வாஷிங் மெஷின் எங்கே?"

"அது எதுக்குங்க?" என்றாள் அவள், நூலைக் கோத்துக்கொண்டே. "தோளுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே."