அமராவதி சொல்லாத சொல்

"இஞ்சாருங்கோ," என்றாள் அமராவதி.

தண்ணீர் முறை பற்றிக் கதைக்க வந்திருந்த வாய்க்கால் ஓவசியர் வீரகத்தி திரும்பிப் பார்த்தார். பதினாலு மாதப் பிள்ளை அமராவதி, தகப்பன் ஐயாத்துரையின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, தாய் புருசனைக் கூப்பிடும் அதே இழுவையில் மறுபடியும் கூப்பிட்டது: "இஞ்சாருங்கோ."

"வீட்டிலை ரெண்டு பெண்சாதியோ, ஐயாத்துரை?"

ஐயாத்துரைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வயதில் இவ்வளவு நீளமான சொல்லை ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளை முரசுமோட்டையில் வேறு உண்டோ? என்றாலும், 'அப்பா' என்று ஒருமுறை கேட்காமல் அவனுக்கு மனம் ஆறவில்லை.

"நேசமலர், இனி நீயும் என்னை அப்பா எண்டு கூப்பிடு. பிள்ளை கேட்டுப் பழகட்டும்."

மனைவி அவன் சொன்னபடி செய்தாள். "அப்பா, மாட்டை அவிழுங்கோ." "அப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கோ."

மூன்றாம் நாள் "அப்பா எங்கை?" என்று கேட்டதும் பிள்ளை மாட்டைக் காட்டியது.

"ஆள்தான் மாறிப்போச்சு. கேள்வி விளங்குது பாத்தியே," என்றான் ஐயாத்துரை. பிறகு மாட்டை மறைத்து நின்று நெஞ்சில் தட்டினான். "நான்தான் அப்பா. நான். நான்."

"நான்," என்று பிள்ளை அவனைத் தொட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் 'நான்'.

"நான் இல்லை, குஞ்சு. அப்பா. நான் இல்லை." கிழமை முழுக்க இதே பாடம்.

சனிக்கிழமை காலை அவன் கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தண்ணீர் முறை வந்துவிட்டதென்று சொல்ல வந்த வீரகத்தி படலையடியில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

"ஐயாத்துரை நிக்கிறாரோ?"

வேலிக்குப் பின்னாலிருந்து பதில் கணீரென்று வந்தது. "இல்லை."

ஐயாத்துரை நுரையோடு வாய்க்காலுக்கு ஓடியபோது, அவன் முறைத் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்ந்துகொண்டிருந்தது.

"உன்ரை வீட்டிலை ஆரோ தெளிவாச் சொன்னவை," என்றார் வீரகத்தி.

"என்ரை மகள்தான். அவள் தெளிவாத்தான் சொல்லுவாள்." தண்ணீர் போன துக்கத்திலும் அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

திங்கட்கிழமை புருசனும் பெண்சாதியும் வழக்கம்போல வயலுக்குப் புறப்பட்டார்கள். போகும் வழியில் பிள்ளையை வீரம்மாவிடம் கொடுத்தார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய வீரம்மாதான் பகலில் அவளைப் பார்த்துக்கொள்வாள்.

ஐயாத்துரை தயங்கித் தயங்கிக் கேட்டான். "வீரம்மாக்கா, பகல் முழுக்க உங்களோடைதானே நிக்கிறாள். 'அப்பா' எண்டு ஒருக்காச் சொல்லிக் குடுங்கோவன்."

வீரம்மா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"சொல்லிக் குடுக்கிறதா? நீங்க சைக்கிள மிதிச்சு அந்தத் திருப்பத்துல மறைஞ்சதும் 'அப்பா, அப்பா'ன்னு ரோட்டப் பார்த்துக் கத்த ஆரம்பிக்கிற புள்ளய, அத எப்படி நிப்பாட்டுறதுன்னுதான் நான் உங்ககிட்ட கேக்க இருந்தேன்."