பவளத்துக்கு ஒரு நீல விளக்கு

நீல விளக்கு செத்துப்போனது, கணவன் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால். வேறு நாளில் சாகக் கூடாதா? கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பலிலிருந்து வீடியோ கால் வரும் என்று அதற்கும் தெரியும்.

அவள் கண்ணாடித் தொட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தாள். ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினாள். தொட்டி இருட்டாகவே கிடந்தது.

"நீதான் படிச்சவளாச்சே, என்னன்னு பாரேன்" என்றாள் மாமியார், சோபாவை விட்டு அசையாமல்.

குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் இதுதான் அர்த்தம். பிறந்த வீட்டில் தண்ணீர் மோட்டார் முதல் மாமாவின் வயிற்றுவலி வரை அவள் தலையில். புகுந்த வீட்டில் கடலையே தலையில் கட்டிவிட்டார்கள்.

கடல் என்றால் கடலேதான். அவள் கணவன் கப்பலில் இன்ஜினீயர். கல்யாணத்துக்கு முன்பே கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்த்தான். கல்யாணமான மாதமே கப்பலேறினான். வாசலில் நின்று கலங்கிய கண்ணோடு அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை: "உப்பு அளவு பாத்துக்கோ."

தொட்டிக்குப் பகலில் வெள்ளை விளக்கு. அது அணைந்ததும் சாயங்காலத்துக்கு ஒரு நீல விளக்கு, ஆக்டினிக் என்று பெயர். அந்த நீலம் பட்டால்தான் பவளம் உள்ளேயிருந்து கனல்வதுபோல் பச்சையும் ஆரஞ்சுமாய் ஒளிரும். படாவிட்டால் வேகவைத்த காலிஃபிளவர்.

போன் அடித்தது. கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் சிக்னல். அவனுக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவளுக்குப் பக்கத்தில் மாமியார்.

"சாப்டியா தொட்டியக் காட்டு."

இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடமாட்டான். அவளும் பதில் சொல்லமாட்டாள். கேமராவைத் திருப்பித் தொட்டிக்கு நேராகப் பிடிப்பாள். அவன் மறுமுனையில் மாலுமிக்கு உத்தரவு போடுவதுபோல் ஆரம்பிப்பான்.

"கொஞ்சம் கிட்ட போ. போன கீழ இறக்கு. இன்னும் கீழ. ம், அப்படியே நில்லு."

அடிமணலில் ஒரு நண்டு உண்டு. அதைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்கு வயிறு எரியும். ஒவ்வொரு ஞாயிறும் தலை சீவி, நல்ல உடை உடுத்தி, மை வைத்து நிற்பது அந்த நண்டுக்குப் போன் பிடிக்கவா?

"நீல லைட் போயிடுச்சுங்க" என்றாள், கூடத்து விளக்கின் கீழ் குற்றவாளிபோல் நின்று.

திரையில் அவன் முகம் கிட்டே வந்தது.

"பரவால்ல" என்றான். "இன்னைக்குத்தான் தொட்டி ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே விட்டுடு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் போனை வைத்துவிட்டுப் பொங்கினாள். "பாத்தீங்களா அத்தை? உங்க பையனுக்கு எவ்வளவு குத்தல்! வாழைப்பழத்துல ஊசி ஏத்தறார்."

"அவனுக்குக் குத்தலா? வாயில கொழுக்கட்டைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் மாமியார்.

மறுநாளே அலங்கார மீன் கடையில் போய் நின்றாள்.

"ஊதா கலந்த நீலமா மேடம், பச்சை கலந்த நீலமா?" என்றார் கடைக்காரர்.

"பவளத்துக்கு எது நல்லது?"

"பவளத்துக்கு வெள்ளை லைட்டுல இருக்கிற நீலமே போதும். இது கண்ணுக்கு அழகா தெரியறதுக்கு. பாக்கறவருக்கு எது பிடிக்கும்?"

அவனுக்குக் காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பதுகூட மறக்கத் தொடங்கியிருந்தது. இதில் நீலத்தில் எந்த நீலம் பிடிக்கும் என்று எவளுக்குத் தெரியும்?

ஆனால் சாயத் தொழிற்சாலையில் துணியின் நிறம் பார்த்துத் தேர்வு செய்வது அவள் வேலை. கடை வெளிச்சத்தில் நிறத்தை நம்பாதே என்பது அங்கே முதல் பாடம். ஷட்டரை இறக்கச் சொன்னாள். கடைக்காரரின் பவளத்தின்மீதே நாலு விளக்கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். ஷட்டர் ஏன் இறங்கியது என்று பக்கத்துக் கடைக்காரர் விசாரிக்க வந்து, "நீலமெல்லாம் ஒண்ணுதானே?" என்று கேட்டு, அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போனார்.

ஊதா கலந்த நீலம் வீட்டுக்கு வந்தது. பவளம் தணல்போல் ஒளிர்ந்தது. ஞாயிறு வந்தது.

"போன கீழ இறக்கு" என்றான் அவன். "இன்னும் கொஞ்சம்... என்னமோ முன்ன மாதிரி இல்லையே."

"என்ன இல்ல?"

"ஒண்ணுமில்ல. லைட் மாத்திட்டியா?"

"ஆமா."

"ஓ" என்றான். ஒரே எழுத்து. ஒரு கப்பலையே அதில் மூழ்கடித்துவிடலாம்.

வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டினாள். இரண்டாவது விளக்கு வந்தது. இப்போது பவளம் மட்டுமில்லை, மாமியாரின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டும் பளீரென்று ஒளிர்ந்தது. துணிசோப்பில் போடும் வெளுப்பு மருந்தின் வேலை அது என்று விளக்கினாள். மாமியார் கேட்கவில்லை. துண்டை வீசிவிட்டு, "எனக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். சன்னல் வழியே நீலம் வழிவதைப் பார்த்த காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டு, "மேடம், டான்ஸ் பார்ட்டி வைக்கறதுன்னா சொசைட்டில அனுமதி வாங்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவன் கேட்டான்: "வெளிச்சம் ஜாஸ்தியோ?"

"எதிர் வெளிச்சம்தான் கெடுக்குது. இருங்க" என்று கூடத்து விளக்கை அணைத்தாள். இருட்டில் தொட்டி மட்டும் ஜொலித்தது. தானே மயங்கிப்போனாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப சுத்தமா தெரியல" என்றான், பட்டினி கிடந்தவன் குரலில்.

"எது தெரியல? நண்டா?"

"விடு."

அன்றைக்கு அழைப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டான். அவள் இருட்டில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்தினாள். எழுந்து, மூன்றாவது விளக்குக்கு ஆர்டர் போட்டாள்.

கடைக்காரரே பதறினார். "மேடம், பவளம் வெளுத்துடும்."

"நானே வெளுத்துட்டேன். அனுப்புங்க."

மூன்றாவது விளக்கு மாட்டியதும் பவளங்கள் சுருங்கி வாயை மூடிக்கொண்டன. நண்டு கல்லுக்கடியில் குடிபுகுந்தது. மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் டிவி பார்த்தாள். அக்கம்பக்கத்தார் கண் ஆபரேஷனா என்று நலம் விசாரித்துப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு. கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

"சாப்டியா தொட்டியக் காட்டு."

காட்டினாள். திரை முழுக்க நீலம்.

"போன கொஞ்சம் கீழ..." என்று ஆரம்பித்து, பெருமூச்சோடு நிறுத்தினான். "இன்னொரு லைட்டா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"ஆமா, இன்னொரு லைட்டு! இன்னும் பத்து வாங்குவேன்! என்ன நீலம் பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? மேல காட்டு, கீழ காட்டு, பவளத்தக் காட்டு, நண்டக் காட்டு! கட்டிக்கிட்டு வந்த பொண்டாட்டி இங்க உயிரோட நிக்கறாளா செத்தாளான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? வாரா வாரம் மை வச்சிட்டு நிக்கறேனே, யாருக்கு? அந்த நண்டுக்கா?"

மாமியார் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அது வந்து..." என்றான் அவன். "இங்க எல்லாரும் இருக்காங்க... அம்மா வேற பக்கத்துல..."

"இருந்தா என்ன? சொல்லுங்க!"

"நான் எப்பவும்... அந்தக் கண்ணாடி..."

"எந்தக் கண்ணாடி?"

அவன் தொண்டையைக் கனைத்தான். இன்னொரு முறை கனைத்தான். தட்டு ஒன்று ணங்கென்று வைக்கப்படும் சத்தம் கேட்டது. யாரோ அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் கரண்டி. கப்பலின் சமையல்காரர்.

"அண்ணி, அந்த எழவு நீலத்த எல்லாம் அணைச்சிட்டு ரூம் லைட்டப் போடுங்க, தொட்டிக் கண்ணாடியில உங்க மொகம் தெரியலன்னு இந்த மனுஷன் ரெண்டு வாரமா நான் சமைச்சத வாயில வைக்கல!"