என் தேர்தலை வலம் வந்தவர்கள்

நான் மிகவும் ஒழுங்கான ஆள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த நம்பிக்கை போனது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைப் பக்கம் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். போன நம்பிக்கை இன்னும் அங்கேதான் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் எங்கள் தலைமையாசிரியருக்கு ஓர் ஆசை வந்தது. குடியாட்சியைப் புத்தகத்தில் படித்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்றார். மாணவர் மன்றத்துக்கு நிஜத் தேர்தல், வாக்குச்சீட்டு, பெட்டி, தடுப்பு எல்லாம் உண்டு. ஜெயிக்கிறவர் கேட்கும் ஒரு காரியத்தைப் பள்ளிக்கூடம் கட்டாயம் செய்துகொடுக்கும்.

"ஆனா ஒண்ணு. ஒரு சின்னக் குளறுபடி நடந்தாலும் மன்றம் கிடையாது. பழையபடி நானே லீடரைப் போட்டுடுவேன்" என்றும் சொல்லிவைத்தார்.

என் தோழி கலை போட்டியிட்டாள். அவள் கொடுத்தது ஒரே வாக்குறுதி: பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். மூன்று கதவுகள், ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க ஆள் கிடைக்காத நாட்களில் நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எதிரே நின்றவன் தினேஷ். அவனுக்கு வாலிபால் வலை வேண்டும்.

நான்தான் தலைமைத் தேர்தல் அதிகாரி. அதனால் நடுநிலை. (நடுநிலை என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன்.) ஆனால் உள்ளுக்குள் தாழ்ப்பாள் பக்கம்தான்.

மைதானத்தின் நடுவே தனியாக நிற்கும் ஆய்வுக்கூடம்தான் வாக்குச்சாவடி. கிழக்கு வாசலில் நுழைந்து, ஓட்டுப் போட்டு, மேற்கு வாசலில் வெளியேற வேண்டும். வெயில் ஜாஸ்தி என்பதால் வரிசை சுவரை ஒட்டி நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். எப்படி நிற்பது என்று அசெம்பிளியில் விளக்கினேன்.

"சுவர் உங்க வலது கைப் பக்கம் இருக்கணும். மலை சுத்துற மாதிரி."

நானூற்றுப் பத்துப் பேருக்கும் ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள எங்கள் சாரணர்களைப் போட்டேன். தலைவன் முரளி, என் வகுப்புதான். வருடா வருடம் தீபத்துக்குக் கோயில் வரிசையை ஒழுங்கு செய்து பழகிய பையன்கள், இதைவிட அனுபவசாலிகள் கிடைப்பார்களா என்று நினைத்தேன்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வாக்குச்சீட்டு வரவில்லை. "ஒரே இடத்துல கூட்டம் சேர விடாத" என்று முரளியிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். பாதை முழுக்க ஜனம். அப்போதுதான் அன்றைக்குப் பௌர்ணமி என்பது உறைத்தது. தேர்தல் தேதி குறித்தபோது நான் பார்த்தது பரீட்சை அட்டவணையை மட்டும்தான். இந்த ஊரில் பிறந்துவிட்டுப் பௌர்ணமியைக் கவனிக்காத ஒரே ஜீவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அரை மணி கழித்து ஐந்நூறு சீட்டுகளோடு திரும்பினால், மைதானத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அத்தனை பேரும் ஆய்வுக்கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் தலை ஒரு சுற்று முடித்து வந்து வாலைப் பிடித்துவிட்டிருந்தது.

"முரளி, வரிசை எங்க ஆரம்பிக்குது?"

"ஆரம்பிச்சுது. இப்ப இல்ல."

"ஏன்டா சுத்துறாங்க?"

"நீதான மலை சுத்துற மாதிரின்ன. கூட்டம் சேரக்கூடாதுன்ன. நிக்காம நடந்தாதான சேராது?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கிழக்கு வாசலில் வட்டத்தைக் குத்துமதிப்பாக வெட்டி, வாக்குப்பதிவைத் தொடங்கினேன்.

உள்ளே வேறு கூத்து. சாரணர்களுக்குக் கோயில் வேலையில் தெரிந்தது ஒரே வார்த்தை: "நகருங்க, நகருங்க." சீட்டைப் பிரித்து, நூலில் கட்டிய பேனாவை எடுத்து, யாருக்கு டிக் போடலாம் என்று ஒரு பிள்ளை யோசிப்பதற்குள் தோளில் கை விழும். பலர் வெறும் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு மேற்கு வாசலில் வந்து நின்றார்கள். தாங்கள் இன்னும் ஓட்டுப் போடவில்லை என்று நியாயமாக நினைத்து, மறுபடி வட்டத்தில் சேர்ந்தார்கள். ஒரே பெயர் என் பட்டியலில் மூன்றாவது தடவை வந்தபோது நான் அந்தப் பெண்ணைச் சந்தேகப்படவில்லை, பட்டியலைத்தான் சந்தேகப்பட்டேன்.

கேட் திறந்து கிடந்தது. பௌர்ணமியன்று நானூறு பேர் ஒரு கட்டடத்தைச் சுற்றினால், வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களையும் கும்பிட்டபடி பாதையில் போகிற வெளியூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஓர் அம்மா கேட் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இது இன்னா லிங்கம்மா?"

"ஆய்வுக்கூடம்ங்க."

"சரிம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். அவர் பின்னால் ஒரு வேன் ஜனம். நான் தடுத்தேனா? இல்லை. நீட்டிய கைகளில் எல்லாம் வாக்குச்சீட்டு கொடுத்தேன். காலையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்த கை, அது பாட்டுக்குக் கொடுத்தது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். "என்னம்மா சுமதி நடக்குது இங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு சாரணன் அவர் முதுகில் கை வைத்து, "நகருங்க சார்" என்றான். ஒரு முழுச் சுற்று முடித்துத்தான் அவரால் மறுபடி என்னிடம் வர முடிந்தது.

மதியம் அவர் அறையில் பெட்டியைத் திறந்தோம். கலை, தினேஷ், முரளி, நான். ஐந்நூறு சீட்டும் தீர்ந்திருந்தது. பாதிக்கு மேல் வெறும் சீட்டு. நடுவில் ஒரு மல்லிச் சரம், இரண்டு விபூதிப் பொட்டலம். சில சீட்டுகளில் எழுத்து இருந்தது. தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"மகளுக்கு நல்ல வரன் அமையணும்." "முட்டி வலி குணமாகணும்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். குண்டு குண்டான சின்னப் பிள்ளை எழுத்து.

"சாமி, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும். பயமா இருக்கு. ஆறாம் வகுப்பு பி."

அதை மட்டும் இன்னொரு தடவை மனசுக்குள் படித்தார். பிறகு கலையைப் பார்த்து, "மூணு கதவுக்குமா இல்ல?" என்று கேட்டார்.

"மூணுக்கும் இல்ல சார்."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தேர்தல் செல்லாது. மன்றம் கிடையாது. போங்க" என்றார்.

கலை வாசலுக்கு வந்ததும் அழுதாள். "உன்னாலதான்டி எல்லாம் போச்சு" என்றாள். உண்மைதான் என்பதால் நானும் அழுதேன். அந்த சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று கதவிலும் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். எந்த அறிவிப்பும் இல்லை. தலைவராக தினேஷை அவரே போட்டுவிட்டார், உயரமாக இருக்கிறான் என்று. எழுதிய அந்தப் பிள்ளை யார் என்று கடைசிவரை தெரியவில்லை. குடியாட்சி தோற்றதா ஜெயித்ததா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கலை இப்போது எனக்கு அண்ணி. நான் பள்ளி ஆசிரியை, அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். "வரிசைக்கு வால் இருக்கானு பாத்துக்க" என்று சொல்லித்தான் அண்ணன் வழியனுப்புவான். போன மாதம் அவர்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தது. பத்து நாளாக அண்ணன் தச்சரைக் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"தச்சர் எதுக்கு? சுமதியை ஒரு தேர்தல் நடத்தச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அவர்கள் மகள் ஒரு துண்டுச் சீட்டில், "சாமி, தாழ்ப்பாள் வேணும்" என்று எழுதி அண்ணன் சட்டைப் பையில் போட்டாள். மறுநாளே தச்சர் வந்துவிட்டார்.