ஹைக்கூவுக்கு வந்த சர்வேயர்

கவிதை எழுதியவனைக் கையோடு பிடித்து, ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி, கவிதை நடந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி விசாரித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் திருச்சியில் இருந்தார். அந்த ஸ்கூட்டரில் அதிகம் ஏற்றப்பட்டவன் நான்.

பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. விபத்தில் நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, சேதம் இவ்வளவு, பொய் இவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுகிறவர். வாரத்தில் ஆறு நாள் லாரிகளுக்கும் கார்களுக்கும் என்ன செய்தாரோ, அதையே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹைக்கூக்களுக்குச் செய்தார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் கூடுவோம். உறை போட்ட மெஷின்கள் வரிசையாகத் தூங்கும். கீழே கண்டக்டர்கள் ஸ்ரீரங்கத்தைக் கூவி விற்றுக்கொண்டிருப்பார்கள். வருவோர் போவோர் பலர். நிரந்தரமாக நாலு பேர். பாலக்கரை ஸ்டெல்லா டீச்சர், கான்வென்ட்டில் டிராயிங் சொல்லித் தருபவர், நிறம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து பேங்க் சம்பத். அப்புறம் நான். அப்புறம், இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "யாருது இன்னைக்கு க்ளைம்?" என்று கேட்டபடி வரும் சர்வேயர்.

ஆம், ஹைக்கூவை அவர் க்ளைம் என்றுதான் சொல்வார். நன்றாக இருந்தால் "சாங்ஷன்". மோசமாக இருந்தால் "டோட்டல் லாஸ்". கடைசி வரி மட்டும் சொதப்பியிருந்தால், "பின்பக்க பம்பரை மட்டும் மாத்திக் கொண்டாங்க."

ஒருமுறை சம்பத், நீலக் கொள்ளிடத்தில் நிலா மிதப்பதாக எழுதிவந்தார். சர்வேயர் எழுந்தார். "வாங்க, ஸ்பாட்டுக்குப் போவோம்." இரண்டு வண்டிகளில் கொள்ளிடக் கரைக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய வரை மணல். நடுவில் இரண்டு மாடுகள், ஏதோ தவறான ஸ்டாப்பிங்கில் இறங்கிவிட்டவை போல நின்றன.

"நீலம் எங்கங்க?"

"அடியேன் பொறந்து வளர்ந்ததே இந்தக் கரைல. கவிதைல தண்ணி எப்பவும் இருக்கும் சார்," என்றார் சம்பத்.

"க்ளைம்ல இருக்காது. டோட்டல் லாஸ். ஏறுங்க வண்டில."

ஸ்டெல்லா டீச்சரின் செந்நிற மாலை ஒன்றுக்காகக் காவிரிப் பாலத்தில் நின்றோம். சூரியன் சாம்பல் நிற மேகத்துக்குள் ஓசைப்படாமல் போய்விட்டது. டீச்சர் விடவில்லை. "நேத்து செவப்பாத்தான் இருந்துச்சு."

"நேத்து வண்டி நல்லாத்தான் ஓடுச்சுன்னு எல்லாருமே சொல்வாங்க டீச்சர்."

என் முறை வந்தது. பச்சை வயலில் ஒரு வெள்ளைக் கொக்கு என்று எழுதியிருந்தேன். திருவெள்ளறை சாலையில் வெயிலில் கொக்கைத் தேடினோம். கொக்கு இருந்தது. வயலும் இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சர்வேயர் வரப்பில் குந்தி உட்கார்ந்து, நசுங்கிய கதவைப் பார்ப்பதைப் போல, கொக்கை வெகுநேரம் பார்த்தார்.

"இது வெள்ளையா தம்பி? முதுகைப் பாருங்க. துவைக்காத வேட்டி."

பார்த்தேன். முதுகில் ஒரு மங்கிய பழுப்பு. பிறந்ததிலிருந்து கொக்கைப் பார்க்கிறேன், அன்றுதான் பார்த்தேன். இருந்தாலும் கோபம் வந்தது. "உங்களுக்கு நிறத்து மேல என்ன சார் பகை?"

வரும் வழியில் ஒரு டீக்கடையில் அதற்குப் பதில் சொன்னார். "நான் பாக்குற வண்டியெல்லாம் பெயின்ட் அடிச்சு வரும் தம்பி. அடிபட்ட எடத்துல பெயின்ட், துருப்பிடிச்ச எடத்துல பெயின்ட். கண்ணு அதைத்தான் பாத்து மயங்கும். ஆனா கருகின வயரு நாறும் பாருங்க, அதை எந்த பெயின்ட்டும் மூடாது. முப்பது வருஷமா என் சோறு இந்த மூக்குதான்." மூக்கைத் தட்டிக் காட்டினார். அது ஒன்றும் பெரிய மூக்கில்லை. கொஞ்சம் சப்பையாகக்கூட இருந்தது.

அவர் எழுதியதெல்லாம் வாசனைக் கவிதைகள். ஒன்றில் நனைந்த காக்கிச் சட்டை இருந்தது. இன்னொன்றில் மூடியைத் திறந்த இன்க் பாட்டில். இது மட்டும் எனக்கு மனப்பாடம்:

பூட்டிய மளிகைக் கடை
ஷட்டருக்கு வெளியே
பெருங்காயம்.

இதை அவர் வாசித்து முடித்தார். ஸ்டெல்லா டீச்சர் உடனே, "ஸ்பாட் எங்க?" என்று கேட்டார். பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு சந்து. போனோம். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. நாலு பேரும் ஷட்டர் முன்னால் வரிசையாக நின்று மூச்சிழுத்தோம். இருந்தது. கடைக்காரரும் கல்லாவும் கூட்டமும் வீட்டுக்குப் போய்விட, பெருங்காயம் மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

அன்று முதல் அவரிடம் ஒரு சாங்ஷன் வாங்குவதே என் வாழ்க்கை லட்சியமானது. நிறங்களை விட்டேன். மீன்கூடை, சவரக் கடை, பள்ளிவாசல் அத்தர் என்று ஊரெல்லாம் மோப்பம் பிடித்தலைந்தேன். எதுவும் தேறவில்லை. "நீங்க மூக்கால எழுதல. மூக்கைப் பத்தி எழுதுறீங்க," என்பார்.

பிறகு ஊரெல்லாம் முகக்கவசம் போட்ட காலம் வந்தது. மாடி பூட்டிக் கிடந்தது. சர்வேயருக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி வீட்டுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டோம். மறுபடி கூடியபோது அவர் சட்டை தொளதொளத்திருந்தது, மற்றபடி அதே "யாருது க்ளைம்?"

என்னுடையது. மண்ணச்சநல்லூர் திருப்பத்தில், பஸ் ஜன்னல் வழியே முகத்தில் அடிக்கும் அவித்த நெல்லின் மணம். எப்போதோ போனபோது உண்மையிலேயே அடித்த மணம். டீச்சருக்கும் சம்பத்துக்கும் வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் ஸ்கூட்டரில் போனோம். திருப்பத்தில் ரைஸ் மில். கேட் சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. களம் காலி. நான் ஆழமாக மூச்சிழுத்தேன். தூசி வாசனை மட்டும் வந்தது. சரி, டோட்டல் லாஸ், நாமே சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

சர்வேயர் கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, நீளமாக இழுத்தார். "வருது," என்றார். "நல்லா வருது. சாங்ஷன்."

எத்தனை வருடக் கனவு! சந்தோஷப்பட ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதிவிட்ட பையனின் முகம்.

"சார்... மில்லு ஓடல."

அவர் கண்ணைத் திறந்து, முதல்முறையாக, புகைபோக்கியைப் பார்த்தார். ஸ்கூட்டர் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணும் வரல தம்பி. வீட்ல பால் பொங்கி, அடிப்பிடிச்சு, பாத்திரமே கருகுது. நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். அவ ஓடியாந்து கத்துறா."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வந்தாலும் வரலாமாம், வராமலும் இருக்கலாமாம். இப்படி ஒரு ரிப்போர்ட்ட நான் எழுதியிருந்தா கம்பெனிக்காரன் கிழிச்சுப் போட்டிருப்பான்." சிரிக்கப் பார்த்தார். "கம்பெனி வேலைய விட்டாச்சு. அது போகட்டும். மூக்கில்லாம நான் என்னத்த எழுதுறது? இனிமே மாடிக்கு வரல. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் அவர் வராத ஞாயிறுகள் சேரச் சேர, மாடியில் எல்லாக் கவிதையும் சாங்ஷன் ஆகத் தொடங்கியது. "அருமை", "ஆஹா", "எக்ஸலன்ட்". சம்பத்தின் கொள்ளிடத்தில் மறுபடி நீலம் ஓடியது. யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் ஸ்டெல்லா டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க, அவரு வீட்டுக்குப் போவோம்," என்றார். மூவருமாகப் போனோம். விஷயத்தை அவர் மனைவியே வாசலில் சொல்லிவிட்டார்.

டீச்சருக்கு அனுதாபம் காட்டத் தெரியாது. நேராக உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூக்கு போச்சு. கண்ணு இருக்குல்ல?"

"கண்ணு பெயின்ட்டத்தான் பாக்கும் டீச்சர்."

"அப்ப பெயின்ட் அடிக்காத எடமாப் பாத்து எழுதுங்க! இருவது வருஷமா என் செவப்பையும் மஞ்சளையும் டோட்டல் லாஸ் டோட்டல் லாஸ்னு தள்ளுனீங்களே, உங்க கலரு ஒண்ண நானும் பாக்குறேன். ஸ்பாட்டுக்கே வந்து பாக்குறேன்."

"பழி வாங்குறீங்க."

"ஆமாங்க. பின்ன விட்ருவனா?"

சம்பத் காபி டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுச் சுவரை, பூச்சு உதிர்ந்த செங்கல்லை, குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தைக்கு அப்புறம் ஒரு ஞாயிறு காலை ஃபோன். "க்ளைம் ஒண்ணு இருக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்பாட்டுக்கு வாங்க. அதே மில்லு."

டவுன் பஸ் பிடித்துப் போனோம். பஸ் திரும்பும்போதே அவித்த நெல் மணம் மூஞ்சியில் அடித்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. களம் முழுக்க நெல் காய்ந்தது. சர்வேயர் ஓரத்தில் நின்றிருந்தார், மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பவர் போல. சட்டைப் பையிலிருந்து எடுத்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து வாசித்தார்:

நெல் காயும் களம்
கால் தேய்த்த தடம் மட்டும்
வேறு மஞ்சள்.

டீச்சர் களத்தைப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒரே மஞ்சள். "எங்கங்க வேற மஞ்சள்?"

சர்வேயர் களத்தைத் திரும்பிப் பார்த்தார். "காலைல இருந்துச்சு டீச்சர்... அந்தக் களத்தம்மா நெல்லைக் காலால தள்ளிக்கிட்டே போகையில... நீங்க வர்றதுக்குள்ள காஞ்சுபோச்சு." தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நேற்று வண்டி நன்றாக ஓடியது என்று சொன்ன எல்லோருடைய குரலிலும் அவர் பேசினார்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். நெல்லுக்குள் இறங்கினார்.

"ஏம்மா, யாரும்மா அது? நெல்லுல எறங்குறது!" நிழலில் உட்கார்ந்திருந்த களத்துக்காரம்மா கத்திக்கொண்டே எழுந்தார்.

"தள்ளித்தான் விடுறேன்! உங்க வேலையத்தானே செய்யுறேன்!"

"காலைத் தூக்காதீங்க, தேச்சு நடங்க! தேச்சு!" என்றார் களத்துக்காரம்மா.

டீச்சர் தேய்த்து நடந்தார். சூட்டில் முகம் சுளித்தபடி களத்தின் நடுவரை போய்த் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மேல் நெல் விலகி அடியில் ஈரம் காயாத நெல் புரண்டிருந்தது. டீச்சரின் பின்னால் இரண்டு தடங்கள், பழுத்த எலுமிச்சைக்கும் புதுவெல்லத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு மஞ்சள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தொடங்கிய இடத்திலிருந்து அது வெளுத்துக்கொண்டு வந்தது.

இருபது வருடம் நிறத்தோடு வாழ்ந்த டீச்சர், அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு குரலைச் சரி செய்துகொண்டு, "மூணாவது வரி பம்பர் கொஞ்சம் ஆடுது," என்றார். "பரவால்ல. ஓடும்."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெல்தூசி என்று சொல்லிக்கொண்டார்.

இப்போது அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். டைப்ரைட்டிங் மாடி செல்ஃபோன் கடையாகிவிட்டது. பெங்களூரிலிருந்து நிறங்களாக எழுதி அனுப்பித் தள்ளுகிறார்: லிஃப்ட் பட்டனின் சிவப்பு, பேத்தியின் நாக்கில் ஐஸ் நிறம். மூக்கு மட்டும் இன்னும் திரும்பவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வார்.

"தம்பி, அந்த மளிகைக் கடைப் பக்கம் கொஞ்சம் போறீங்களா?"

போவேன். ஒரு கையில் ஃபோன், மூக்கு ஷட்டரில். சந்தில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

"பெருங்காயம் இருக்கா?"

"இருக்கு சார்."

போன ஞாயிறும் கேட்டார். இரவெல்லாம் மழை. ஷட்டரில் துரு வாசனையும் ஈரமும்தான் இருந்தன. 'இருக்கு' என்று சொல்லிவிடலாம். பெங்களூரிலிருந்து அவரால் என்ன செய்ய முடியும்?

"இல்ல சார். மழை பெஞ்சிருக்கு."

"சரி தம்பி," என்றார். "காயட்டும்."

மறுநாள், கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன்.