தராசு ஐயா இறக்கிய மூன்றரைக் கிலோ

ஆறு மணிக்கு அலாரம். ஆறு ஐந்துக்கு மனைவியை வலப்பக்கமாகப் புரட்டி உட்கார வைப்பது. ஆறே காலுக்குப் பல். துலக்குகிறவன் அவன், துப்புகிறவள் அவள். பிறகு தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கிக் கரண்டி கரண்டியாக ஊட்டுவது. வெறும் தண்ணீர் புரையேறும். பிறகு தலை வாருவது. அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வகிடு மட்டும் ஒருநாளும் நேராக வந்ததில்லை.

தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். டாக்டர் அதன் பெயரைச் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. கை போகும், கால் போகும், பேச்சு குழறும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் சொன்னபடி வந்தது. சொல்லாமல் வந்தது சிரிப்பு.

எதிர்வீட்டுக்காரர் இறந்த செய்தி வந்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சோப்பு விளம்பரத்தைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள். வாய் சிரிக்கும்போது கண் சிரிக்காது. அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

டாக்டரிடம் கேட்டான். "சிரிப்பை அடக்குற நரம்பும் இதுல கெட்டுப்போகும். மனசு ஒண்ணு நினைக்கும், முகம் ஒண்ணு செய்யும். மாத்திரை எழுதுறேன்," என்றார். அரை நிமிடம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அவனுடைய பெரியம்மாவுக்கு அந்த அரை நிமிடம் போதவில்லை. "அடேய், சாவுக்குச் சிரிக்கிறவ உன் பொண்டாட்டி இல்லடா. உள்ள வேற எதுவோ உட்கார்ந்து சிரிக்குது. தராசு ஐயாகிட்டக் கூட்டிட்டுப் போ. எத்தனை கிலோன்னே சொல்லிடுவாரு!"

மனைவி ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள். "என்னைவிட... நல்லா சிரிக்குதே... பெரியம்மா. இருந்துட்டுப் போகட்டும்."

ஆனாலும் போனார்கள். அவன் இயற்பியல் பட்டதாரி. பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

பழைய மரச்சாமான் கடை ஒன்றுதான் தராசு ஐயாவின் கூடம். தெருமுனை வரை வரிசை. மூட்டுவலிக்காரர், தேர்வில் தோற்றவர், வீடு விலைபோகாதவர், எல்லாருக்கும் நோய் ஒன்றே: மேலே ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் குறட்டை விட்டதற்கு அவருடைய மனைவியை நிறுத்து இரண்டு கிலோ இறக்கியிருந்தார்கள். இறக்கிய கிலோவுக்கு இவ்வளவு என்று காணிக்கை. காய்கறிக் கடையில் எடையைக் கூட்டிக் காட்டினால் அபராதம். இங்கே கும்பிடு.

எடை மேடையின் மேல் ஒரு நாற்காலி. அதன் எடையைக் கழித்துத்தான் முள் காட்டும் என்றார் ஐயாவின் சீடர். பக்கத்தில் ஆளுயரக் கம்பத்தில் பெரிய வட்ட முகப்பு, அதற்குப் பட்டுத் துணித் திரை. அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். திரை விலகியது. ஐம்பத்தொன்றரை. ஐயா கண்ணை மூடி முணுமுணுத்தார். திரையை மூடிவிட்டுச் சீடர் முகப்பின் முன்னும் பின்னும் பயபக்தியோடு துடைத்தார். திரை மறுபடி விலகியது. நாற்பத்தெட்டு.

"மூன்றரைக் கிலோ இறங்கிடுச்சு!" என்றார் ஐயா. கூட்டம் கைதட்டியது.

பிறகு அவனுக்கு அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். உண்மைக்குத்தான் எப்போதும் அவசரம். பொய்க்கு வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது. "அது திரும்பி வரப் பார்க்கும் தம்பி. உணவுக் குழாய் வைக்கிறோம்னு வயித்துல ஓட்டை போட விட்டுடாதீங்க. அதுக்கு நீங்களே வாசல் வெச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

குழாய் வைக்க வியாழக்கிழமை குறித்திருந்தது. மூச்சு இன்னும் தளர்ந்துவிட்டால் பிறகு வைக்கவே முடியாது, அப்புறம் சாப்பாடே இறங்காது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். இருந்தும் அவன் ஐயாவிடம் தலையாட்டினான். வருகிற வழியில் சீட்டியடித்தான். ஐந்து மாதத்தில் முதல் சீட்டி.

"வியாழக்கிழமை வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டான்.

அவள் அவன் பக்கம் தலையைத் திருப்பினாள். "நாளைக்கு... இன்னொரு தடவை... அங்க போலாம்."

நம்பிவிட்டாள் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய உத்தியோகம் என்ன என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் எடை அளவு ஆய்வாளர். பதினொரு வருடம் கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவள்.

மறுநாள் சீடர் அவளைத் தூக்க வந்தார். அவள் தலையை அசைத்தாள். "முதல்ல... துணியை... விலக்குங்க."

"யாரும் உட்காரலையேம்மா. என்ன தெரியப்போகுது?"

"அதைத்தான்... பார்க்கணும்."

வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குப் பொறுமை இல்லை. அவரே எட்டித் திரையை இழுத்தார். முள் மூன்றரையில் நின்றது.

"என்னய்யா இது, காலி நாற்காலி மூன்றரைக் கிலோவா?"

ஐயா சும்மா ஐயா ஆகிவிடவில்லை. "பார்த்தீங்களா! முன்னாடி ஒருத்தர்கிட்ட இருந்து இறங்கினது, போக மனசில்லாம உட்கார்ந்திருக்கு!"

முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. அவனுக்கு மூச்சு வந்தது. அவள் சிரித்தாள். நரம்பு சிரித்ததா, அவள் சிரித்தாளா, யாருக்கும் தெரியவில்லை.

"சரி. இறக்குங்க," என்றாள். சீடர் துடைக்கும் துணியோடு கிளம்பினார். "அவர் வேண்டாம்... கதவுகிட்ட நிக்கட்டும்."

சீடர் ஐயாவைப் பார்த்தார். ஐயா சீடரைப் பார்த்தார்.

"துடைக்காம எப்படிம்மா? தூசி..."

"அதுக்குத் தூசின்னா ஒத்துக்காதா?" என்றார் தபால்காரர்.

ஐயா முணுமுணுத்தார். பிறகு கத்தினார். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்தது. முள் மூன்றரையை விட்டு அசையவில்லை. "பிடிவாதக்காரப் பேய்," என்று யாரோ அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அவள் கணவனைப் பார்த்தாள். "முகப்புக்குப் பின்னாடி... திருகு இருக்கும்... போய்ப் பாரு."

அவனுக்குப் போக மனமில்லை. பத்தடி தூரம். பார்க்காமல் இருக்கும் வரை அவளுக்குக் குணமாக ஒரு வழி இருந்தது. போனான்.

திருகு இருந்தது. முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் சின்னத் திருகு, விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தது. திருகினான். இரண்டு, ஒன்று, பூஜ்யம். மறுபக்கம் திருகினான். ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு.

"தம்பி, எனக்கு ஒரு பதினைஞ்சு கிலோ பேய் போடுப்பா!" என்றார் தபால்காரர். கூடம் குலுங்கிச் சிரித்தது. அவன் மட்டும் திருகைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஐயா பின்கதவு வழியாகப் பறந்துவிட்டார். சீடர் அகப்பட்டார். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி, திருகருகே நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தணிந்த குரலில் விசாரித்தாள்: "முள் சரியா இருக்கிற ஐயா வேற யாராச்சும் இருக்காரா?"

வியாழக்கிழமை குழாய் வைத்தார்கள். அதன்பின் பதினான்கு மாதம் அவள் இருந்தாள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் பெரியம்மா சொல்கிறாள்: "'தராசு ஐயாவைப் பகைச்சுக்கிட்டேனே'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா, பாவம்." கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். அவளுக்குக் குரல் போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குரல் போவதற்கு முந்தின நாள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வந்திருந்தாள். தன் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னாள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவள் முகம் சுருங்கியது. "ஒண்ணுமில்லைங்க, ஏதோ பழைய ஞாபகம்," என்று அவன் மழுப்பினான். மனைவி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். மூச்சைச் சேர்த்துச் சேர்த்து அவனிடம் சொன்னாள். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

"தெரிஞ்சதைச் சொல்லு. தெரியலைன்னா... தெரியலைன்னு சொல்லு. நீயா ஒண்ணைக் கட்டிவிடாதே."